படகு இஞ்சின் பராமரிப்பு: புதிதாய்ப் படகு வாங்கியோருக்குச் சில யோசனைகள்

தமிழ்நாட்டின் கடற்கரை 1,000 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. அக்கரையோரத்துக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுமரமும் வள்ளமுமே ஜீவனத்துக்கு ஆதாரமாக இருந்துவந்தன. அக்காலத்தில் கடலுக்குச் செல்வோனுக்குப் பலமாயிருந்தவை காற்றும், பாயும், துடுப்புமே. பாய் கிழிந்தால் ஊசியும் நூலும் கொண்டு தைத்துக்கொள்வான். துடுப்பு ஒடிந்தால் வேறொரு பலகையைச் செதுக்கிக்கொள்வான். தன் தொழிற்கருவி எதுவாயினும் அதன் பழுதைத் தானே அறியவும், தானே நீக்கவும் வல்லவனாயிருந்தான்.

இந்நிலை சென்ற எழுபது ஆண்டுகளில் மாறிவிட்டது. கொல்லத்தையடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரை என்னும் கிராமங்களில் 1953-ல் நார்வே தேசத்தின் உதவியுடன் தொடங்கிய திட்டம், இஞ்சின் பொருத்திய மீன்பிடி படகுகளைத் தென்னிந்தியக் கரைக்குப் பழக்கப்படுத்தியது. 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் நடத்திய வங்காள விரிகுடாத் திட்டம், அலை மோதும் கரையில் ஏற்றி இறக்கக்கூடிய சிறு இஞ்சின் படகுகளை ஆராய்ந்து பரீட்சித்தது. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி வந்த ஆழிப்பேரலைக்குப் பின்னரோ, இழந்த கட்டுமரங்களுக்கு ஈடாகக் கண்ணாடி இழைப் படகுகள் ஏராளமாய்க் கரைக்கு வந்தன. இன்று ஃபைபர் படகு என்று யாவரும் அழைக்கும் இப்படகின் பின்புறத்தில் ஒரு சிறு டீசல் இஞ்சினும், அதிலிருந்து நீண்டு செல்லும் தண்டும், தண்டின் நுனியில் நீரைத் தள்ளும் விசிறியும் இருப்பதைக் கரையெங்கும் காணலாம்.

படகு புதிது, ஆனால் அதை நடத்தும் அறிவு அதனுடன் சேர்ந்து வருவதில்லை. வலையில் ஒரு கண் அறுந்தால் அன்று மாலையே உட்கார்ந்து பொத்துகின்ற அதே மனிதர், இஞ்சினை மட்டும் அது நிற்கும் நாள் வரையில் தொடுவதில்லை. நின்ற பிறகு மெக்கானிக்கைத் தேடுகிறார். கரையில் நின்றால் மெக்கானிக் கிடைப்பார். கடலில் நின்றால் யார் கிடைப்பார்? இந்தக் கேள்வியை முன்னிட்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது. இஞ்சினைப் பிரித்துப் பழுதுபார்ப்பது மெக்கானிக்கின் வேலை. இஞ்சின் பழுதாகாமல் காப்பது படகுடையவரின் வேலை. இவ்விரண்டும் வேறு வேறு என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

இஞ்சின் நின்றால் நேருவது என்ன?

இஞ்சின் நின்ற படகு காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வசமாகிறது. நம் கிழக்குக் கரையில் நீரோட்டம் ஆண்டு முழுவதும் ஒரே திசையில் ஓடுவதில்லை. கோடையில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும் ஓடுகிறது. ஒரு முழு இரவு மிதந்த படகு விடியும்போது எவரும் தேடாத இடத்தில் இருக்கக்கூடும். பாக் ஜலசந்தியிலும் மன்னார் வளைகுடாவிலும் ஆபத்து இரட்டிப்பாகும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடல் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் மாத்திரமே. 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கடல் எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. இஞ்சின் நின்ற படகுக்கு எல்லை தெரியாது. எல்லையைக் காப்போருக்கோ அது நின்ற இஞ்சினா, வேண்டுமென்று வந்த இஞ்சினா என்பது தூரத்தில் தெரியாது.

இது உயிரைப் பற்றிய நஷ்டம். பணத்தைப் பற்றிய நஷ்டமும் சிறிதன்று. பெரும்பாலான படகுகள் கடன்பட்டு வாங்கப்படுகின்றன. இஞ்சின் கரையில் கிடக்கும் நாளில் வருமானம் நிற்கும், வட்டி நிற்பதில்லை.

டீசல் இஞ்சின் எவ்வாறு ஓடுகிறது?

ஜெர்மனி தேசத்தவரான ருடால்ஃப் டீசல் என்பவர் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய இஞ்சினே இன்றைய டீசல் இஞ்சின்களுக்கெல்லாம் மூலம். அதன் தத்துவம் எளிது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை யாவரும் அறிவர். காற்றை அழுத்தினால் அது சூடேறும். டீசல் இஞ்சினில் பிஸ்டன் என்னும் உந்து தண்டு, உள்ளே இழுத்த காற்றைப் பதினாறில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைந்த இடத்தில் அழுத்துகிறது. அப்போது அக்காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. அத்தருணத்தில் நாஸில் என்னும் மூக்கின் வழியாக டீசல் எண்ணெய் பனிபோல் பீச்சப்படுகிறது; உடனே பற்றி எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பற்றவைக்க வேறு நெருப்பு வேண்டுவதில்லை.

ஆகவே டீசல் இஞ்சினுக்குத் தேவையானவை ஐந்தே: சுத்தமான எண்ணெய், தடையில்லாத காற்று, உராய்வைத் தடுக்கும் மசகு எண்ணெய், சூட்டைத் தணிக்கும் காற்று அல்லது நீர், உப்பின்றி உலர்ந்த வெளிப்புறம். இவ்வைந்தில் ஒன்று குறைந்தாலும் இஞ்சின் முதலில் முணுமுணுக்கும், பிறகு நிற்கும். முணுமுணுக்கும்போதே கேட்பவருக்குச் செலவு குறைவு.

1. எண்ணெயில் நீரும் அழுக்கும்

கடலில் இஞ்சின் நிற்பதற்கு அநேக தடவை காரணமாயிருப்பது இஞ்சின் அல்ல, எண்ணெயே. டீசலை அழுத்தித் தரும் பம்பின் உள்ளே இருக்கும் சிறு உலக்கைக்கும் அதன் உறைக்கும் இடையிலுள்ள சந்து ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு மாத்திரமே. மனிதனின் தலைமயிர் அதைவிடப் பல மடங்கு தடித்தது. அத்தகைய இடத்தில் ஒரு மணல் துகளோ துருத்துகளோ புகுந்தால் விளைவு என்னவென்று சொல்ல வேண்டுவதில்லை.

நீர் எப்படி வருகிறது? அலைத் துளியாலும், மூடி சரியாயில்லாத கேனாலும் வருகிறது. மற்றொரு வழியும் உண்டு. இரவில் டாங்கி பாதி காலியாயிருந்தால், உள்ளிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்து, சுவரில் பனித்துளிபோல் படிந்து, எண்ணெயில் இறங்குகிறது. நீர் டீசலைவிடக் கனமானது. ஆகையால் அடியில் தங்கும். எண்ணெய்க் குழாயும் அடியிலிருந்தே இழுப்பதால், முதலில் இஞ்சினுக்குப் போவது அந்நீரே. எண்ணெயும் நீரும் சந்திக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வளர்ந்து கருநிறமான வழுவழுப்பான கசடு உண்டாகும். இது வடிகட்டியை அடைத்துவிடும்.

இதற்குப் பரிகாரங்கள் பின்வருமாறு. கரை திரும்பியதும் டாங்கியை நிரப்பி வைக்க வேண்டும். எண்ணெய் ஊற்றும்போது நெருங்கிய சல்லடையுள்ள புனலை உபயோகிக்க வேண்டும். கந்தல் துணியால் வடிகட்டலாகாது, ஏனெனில் அதன் நூலே உள்ளே போகும். கேனை ஓர் இரவு அசையாமல் வைத்து, அடியிலுள்ள கடைசிப் பங்கை இஞ்சினுக்கு ஊற்றாமல் விட வேண்டும். டாங்கியின் அடியிலும் வடிகட்டியின் அடியிலும் உள்ள திருகை வாரம் ஒரு முறை தளர்த்தி, சிறிது எண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பார்க்க வேண்டும். அடியில் முத்துமுத்தாய் நீர் தெரிந்தால், சுத்த எண்ணெய் வரும் வரையில் வடிக்க வேண்டும்.

டாங்கியின் மூடியில் காற்றுப் போகச் சிறு துளையிருக்கும். அது உப்பாலோ கிரீஸாலோ அடைபட்டால் எண்ணெய் இறங்காது. சற்று நேரம் ஓடி இஞ்சின் நின்றுவிடும். ஊசியால் அத்துளையைச் சுத்தம் செய்வதோடு தீரும் குறைக்கு, பம்பையே கழற்றிப் பார்ப்பவர்கள் உண்டு.

2. காற்றடைப்பு நீக்குதல்

டாங்கி முழுவதும் வற்றிப்போனாலும், வடிகட்டியை மாற்றினாலும், குழாயின் இணைப்பு தளர்ந்தாலும் எண்ணெய் வழியில் காற்று புகுந்துவிடும். பம்பு எண்ணெயை அழுத்தும். காற்றையோ அழுத்தினால் அது பஞ்சுபோல் சுருங்கி விரியுமே தவிர நாஸிலைத் திறக்காது. இஞ்சின் சுற்றும், ஆனால் பற்றாது. இதை நீக்கத் தெரியாத ஒரே காரணத்தால் பழுதற்ற இஞ்சினுடன் கடலில் மிதப்பது வருந்தத்தக்கது.

செய்ய வேண்டியது யாதெனில்: டாங்கியில் எண்ணெய் இருப்பதையும் குழாய் திறந்திருப்பதையும் பார்க்க வேண்டும். வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகை இரண்டு சுற்று தளர்த்த வேண்டும். முதலில் நுரையும் குமிழியுமாய் எண்ணெய் வரும். குமிழி நின்று ஒரே தாரையாய் வந்ததும் இறுக்க வேண்டும். பம்பிலும் அத்தகைய திருகு இருந்தால் அங்கும் அவ்வாறே செய்ய வேண்டும். பின்னர் நாஸிலுக்குச் செல்லும் குழாயின் நட்டைச் சிறிது தளர்த்தி, இஞ்சினைக் கையால் சுற்ற வேண்டும். அங்கு எண்ணெய் துள்ளி வந்ததும் நட்டை இறுக்கிவிட்டு இஞ்சினை ஓட்டலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நாஸிலிலிருந்து பீச்சும் எண்ணெய் சுமார் 200 வளிமண்டல அழுத்தத்தில் வருவது. அது ஊசியைப்போல் தோலைத் துளைத்து உள்ளே புகும். அதன் எதிரில் கையையோ முகத்தையோ காட்டலாகாது. அப்படிப் புகுந்துவிட்டால், காயம் கடுகளவாய்த் தோன்றினாலும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவ்வேலையைக் கரையில், பகலில், இரண்டு மூன்று முறை வேண்டுமென்றே செய்து பழக வேண்டும். இருட்டில் அலையாட்டத்தில் முதன்முறை செய்வது இயலாது.

3. மசகு எண்ணெய்

இஞ்சின் ஆயில் என்னும் மசகு எண்ணெய், உலோகத்தோடு உலோகம் உரசாதபடி இடையில் நிற்கிறது. இதைப் பிரதி தினமும் புறப்படுமுன், இஞ்சின் ஆறியிருக்கும்போது, படகு சமமாய் நிற்கையில் பார்க்க வேண்டும். அளவுகோலை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் எண்ணெய் இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருக்க வேண்டும். குறைவும் தவறு, மேல்கோட்டைத் தாண்டிய மிகுதியும் தவறு.

அளவோடு நிறத்தையும் கவனிக்க வேண்டும். டீசல் இஞ்சினில் எண்ணெய் கறுப்பது இயல்பு. அதற்கு அஞ்ச வேண்டாம். மோரைப்போல் வெளுத்துக் கலங்கியிருந்தால் நீர் கலந்திருக்கிறது. நீர்போல் இளகி, டீசல் நாற்றம் வீசி, நாளுக்கு நாள் அளவு கூடிவந்தால் டீசல் உள்ளே கசிகிறது. இவ்விரண்டிலும் இஞ்சினை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை எண்ணெயை மாற்ற வேண்டும் என்பது இஞ்சினுடன் வரும் கைப்புத்தகத்தில் சொல்லப்பட்டிருக்கும். சிறு இஞ்சின்களுக்குப் பெரும்பாலும் 100 மணி முதல் 250 மணி வரை இருக்கும். எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 6 மணி வீதம் மாதம் 20 நாள் கடலுக்குச் செல்பவரின் இஞ்சின் மாதத்தில் 120 மணி ஓடுகிறது. 100 மணிக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய இஞ்சினாயின், அவர் 17-வது பயணத்துக்குள் மாற்றிவிட வேண்டும். புது இஞ்சினுக்கு முதல் மாற்றம் இன்னும் முன்னதாகவே வரும். உறுப்புகள் ஒன்றோடொன்று பழகும் ஆரம்பக் காலத்தில் உலோகப் பொடி உதிர்ந்து எண்ணெயில் சேரும். அக்காலத்தில் முழு வேகம் கொடுத்து ஓட்டுவதும் கூடாது.

எண்ணெயை மாற்றுவது இஞ்சின் வெதுவெதுப்பாய் இருக்கையில் செய்யத்தக்கது. அப்போது கசடும் சேர்ந்து வடியும். வடித்த எண்ணெயைக் கடலிலோ மணலிலோ கொட்டலாகாது. மீனை நம்பி வாழ்வோர் மீன் வாழும் நீரைக் கெடுப்பது தன் கூரையில் தானே தீயிடுவதாகும். பழைய கேனில் சேர்த்து, எண்ணெய் எடுத்துச் செல்லும் வியாபாரியிடம் கொடுக்க வேண்டும்.

4. சூடு தணித்தல்

சிறு இஞ்சின்களில் சில காற்றால் குளிர்வன. சில நீரால் குளிர்வன. காற்றால் குளிரும் இஞ்சினின் மேல் தகடு தகடாக விளிம்புகள் இருக்கும். அவற்றின் இடையில் மீன் செதிலும், கிரீஸும், மணலும் அடைந்தால் காற்று நுழையாது. மரக் குச்சியாலும் பிரஷ்ஷினாலும் வாரம் ஒரு முறை சுத்தம் செய்ய வேண்டும்.

கடல்நீரை இழுத்துக் குளிரும் இஞ்சினில் ரப்பர் இறக்கைகளுள்ள சிறு பம்பு ஒன்று உண்டு. நீரில்லாமல் சிறிது நேரம் சுற்றினாலும் அந்த ரப்பர் கருகிவிடும். ஆகையால் இஞ்சின் ஓடத் தொடங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது, வெளியேறும் குழாயில் நீர் வருகிறதா என்பதே. நீர் குறைந்தால் வேகத்தைக் குறைத்து, நிறுத்தி, நீர் இழுக்கும் வாயில் பாசியோ பிளாஸ்டிக் பையோ அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அளவுக்கு மீறிச் சூடேறிய இஞ்சினின் மேல் அவசரப்பட்டுக் குளிர்ந்த நீரை ஊற்றலாகாது, வார்ப்பிரும்பு வெடித்துவிடும். தானாக ஆறவிட வேண்டும். பம்பை ஓட்டும் பெல்ட் இருப்பின், கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் தாழ்வதே சரியான இறுக்கம்.

5. உப்பும் மணலும்

ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. நீர் உலர்ந்துவிடும், உப்பு தங்கிவிடும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பை அரித்துக்கொண்டேயிருக்கும். கரை சேர்ந்து இஞ்சின் ஆறிய பின், நல்ல நீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, எண்ணெய்த் துணியால் மெல்லப் பூசிவைப்பதற்குப் பத்து நிமிடம் போதும். நீரைக் காற்று உறிஞ்சும் வாயில் படும்படி வீசியடிக்கக் கூடாது. கடல்நீரால் குளிரும் இஞ்சினாயின், அவ்வப்போது வாளியிலுள்ள நல்ல நீரைச் சில நிமிடம் இழுக்கச் செய்து உட்புற உப்பையும் கழுவ வேண்டும்.

நீரில் மூழ்கும் உலோகப் பகுதிகளில் துத்தநாகக் கட்டி பொருத்தியிருந்தால், அது தேய்வதைக் கண்டு வருந்த வேண்டாம். மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் கரைவதே அதன் தொழில். பாதி கரைந்ததும் புதியது மாட்ட வேண்டும். அதன்மேல் பெயிண்ட் பூசினால் அது வேலை செய்யாது.

படகைக் கரையேற்றியபின் மணற்காற்று உள்ளே புகாதபடி காற்று உறிஞ்சும் வாயையும் புகைக்குழாயையும் துணியால் மூடிவைத்து, ஓட்டுமுன் மறவாமல் எடுத்துவிட வேண்டும். நீண்ட தண்டின் தாங்கிகளுக்குக் குறித்த இடங்களில் கிரீஸ் இட வேண்டும். விசிறியைக் கழற்றக்கூடிய நாளில், அதன் அடியில் நைலான் நூல் சுற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது உள்ளே வெட்டிச் சென்று நீர் புகாமல் காக்கும் வளையத்தைக் கெடுக்கும். இஞ்சினின் அதிர்ச்சியால் போல்ட்டுகள் தளர்வது சகஜம். வாரம் ஒரு முறை ஸ்பேனர் வைத்துப் பார்ப்பது நலம்.

புகையின் நிறம்

நாடி பார்க்கும் வைத்தியரைப்போலப் படகுடையவர் புகையைப் பார்த்து நோயை அறியலாம். கறுத்த புகை தொடர்ந்து வந்தால், பாரம் மிகுதி, அல்லது காற்று போதவில்லை, அல்லது நாஸில் சரியாய்ப் பீச்சவில்லை. நீலப்புகை வந்தால் மசகு எண்ணெய் எரிகிறது. சூடேறிய பின்னும் வெண்புகை வந்தால், டீசல் எரியாமல் வெளியேறுகிறது அல்லது நீர் உள்ளே போகிறது.

மண்ணெண்ணெய் இஞ்சின் வைத்திருப்போருக்கு

கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளக் கரையிலும் படகின் வெளிப்புறத்தில் மாட்டும் மண்ணெண்ணெய் இஞ்சின்கள் வழக்கத்தில் உள்ளன. இவை பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுவன. நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிவிட்டால், கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்காது; அடுத்த முறை எளிதில் பற்றும். பிளக்கை அடிக்கடி கழற்றிக் கரியைச் சுரண்ட வேண்டும்; உபரியாக ஒரு பிளக் எப்போதும் படகில் இருக்க வேண்டும். எரிபொருளோடு மசகு எண்ணெயைக் கலக்கும் இனமாயின், கைப்புத்தகத்தில் கண்ட விகிதத்தை அளந்து கலக்க வேண்டும். கண் மதிப்பில் ஊற்றலாகாது. சூடான இஞ்சினில் பெட்ரோல் ஊற்றுவதும், ஊற்றுகையில் பீடி புகைப்பதும் படகையும் உடலையும் எரிக்கும் செயல்கள். கடலில் விழுந்த இஞ்சினை எடுத்தவுடன் நல்ல நீரால் கழுவி, பிளக்கை நீக்கி நீரை வெளியேற்றி, அன்றே மெக்கானிக்கிடம் சேர்க்க வேண்டும். வெயிலில் உலர்த்தி மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் உட்புறம் துருப்பிடித்துவிடும்.

கைகால் பாதுகாப்பு

கயிறு இழுத்து ஓட்டும் இஞ்சினில், கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. சுழலும் பெல்ட்டுக்கும் தண்டுக்கும் அருகில் தொங்கும் கைலியோ, துண்டோ, அவிழ்ந்த தலைமுடியோ இருத்தல் ஆகாது. காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவது பெருந்தவறு. விசிறியில் வலை சுற்றினால், இஞ்சின் முழுவதும் நின்றபிறகே கையை வைக்க வேண்டும்.

கடலில் நின்றுவிட்டால்

முதல் வேலை இஞ்சினைப் பார்ப்பதன்று. ஆழம் இடங்கொடுக்குமாயின் நங்கூரம் இடுவது. படகு ஓரிடத்தில் நின்றால் மனமும் நிற்கும். பின்னர் இஞ்சின் எவ்வாறு நின்றது என்று யோசிக்க வேண்டும். மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றதாயின் எண்ணெயில் குறை. டாங்கி, மூடியின் துளை, குழாய், வடிகட்டி, காற்றடைப்பு என்ற வரிசையில் பார்க்க வேண்டும். சட்டென்று நின்றதாயின் விசிறியில் வலையோ கயிறோ சுற்றியிருக்கலாம், அல்லது இஞ்சின் சூட்டால் இறுகியிருக்கலாம். இறுகிய இஞ்சினை வற்புறுத்திச் சுற்றக் கூடாது.

படகில் எப்போதும் இருக்க வேண்டிய சாமான்கள்: அவ்விஞ்சினுக்குப் பொருந்தும் ஸ்பேனர்கள், திருப்புளி, குறடு, ஒரு வடிகட்டி, ஒரு பெல்ட், இழுக்கும் கயிறு ஒன்று, ஒரு லிட்டர் மசகு எண்ணெய், சுத்தத் துணி, டார்ச் விளக்கு. இவையனைத்தும் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் வாளியில் அடங்கும். இஞ்சின் இருக்கிறதென்று துடுப்பையும், சிறு பாயையும், குடிநீரையும் கரையில் விட்டுச் செல்வது விவேகமன்று. உதவி வேண்டுமாயின் கடலோரக் காவல் படையின் 1554 என்ற இலவசத் தொலைபேசி எண்ணையும், கரையோரக் காவல்துறையின் 1093 என்ற எண்ணையும் அழைக்கலாம். கரையிலிருந்து வெகுதூரம் விலகியபின் கைத்தொலைபேசி வேலை செய்யாது, வி.எச்.எப். வானொலிக் கருவி உள்ளவர்கள் ஆபத்துக்குரிய 16-ம் அலைவரிசையில் அழைக்க வேண்டும்.

கணக்குப் புத்தகமும் கூட்டுறவும்

ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில், நாள்தோறும் இஞ்சின் ஓடிய மணி, ஊற்றிய டீசல், சேர்த்த மசகு எண்ணெய், மாற்றிய சாமான் ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும். அதே தூரத்துக்கு டீசல் அதிகமாய்ச் செலவாவதை இப்புத்தகமே முதலில் காட்டிக்கொடுக்கும். மீன் விற்ற பணத்தின் கணக்கைப் பல வீடுகளில் பெண்களே பார்த்துவருகிறார்கள். இக்கணக்கும் அவர்கள் கையில் இருப்பது நன்மை. கைப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தால், வீட்டில் படிக்கும் பிள்ளையைக் கொண்டு மணிக்கணக்கையும் எண்ணெய் வகையையும் தமிழில் எழுதி இஞ்சின் மூடியில் ஒட்டிவைக்கலாம்.

தனித்தனியாய்ச் செய்ய அரிதானதை ஊர் சேர்ந்து செய்வது எளிது. ஒரே இன இஞ்சின் வைத்திருப்போர் பத்துப் பேர் சேர்ந்தால், வடிகட்டி, பெல்ட், ரப்பர் இறக்கை ஆகியவற்றை மொத்தமாய் வாங்கி மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்துக்கொள்ளலாம். மீன்பிடிக்கத் தடையுள்ள காலம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அத்தடை பெரிய விசைப்படகுகளைச் சார்ந்ததேயாயினும், அந்நாட்களில் மெக்கானிக்குகளும் துறைமுகத்திலேயே வேலையாயிருப்பர். அவர்களில் அனுபவமுள்ள ஒருவரை ஒரு நாள் ஊருக்கு அழைத்து, காற்றடைப்பு நீக்குவதையும் வடிகட்டி மாற்றுவதையும் இளைஞர்கள் தம் கையாலேயே செய்து பழகும்படி ஏற்பாடு செய்யலாம். மேலும் கற்க விரும்பும் இளைஞருக்கு, 1963-ல் கொச்சியில் ஸ்தாபிக்கப்பட்டு, சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கிளைகளுள்ள மத்திய அரசின் மீன்வளக் கப்பலோட்டல், பொறியியல் பயிற்சி நிலையம் இருக்கிறது.

இங்கே சொல்லப்பட்ட வேலைகளில் எதுவும் வலை பொத்துவதைவிடக் கடினமானதன்று. ஆயிரம் கண்களுள்ள வலையில் அறுந்த ஒரு கண்ணைத் தேடிக் கண்டுபிடிக்கும் கூர்மை உள்ளவருக்கு, தளர்ந்த நட்டையும் கலங்கிய எண்ணெயையும் கண்டுபிடிப்பது பெரிதல்ல. வேண்டுவது, இஞ்சினும் வலையைப்போலத் தமது கருவியே என்ற எண்ணமும், புறப்படுமுன் ஐந்து நிமிடமும், திரும்பியபின் பத்து நிமிடமுமே. இக்கால் மணி நேரத்தை நாள்தோறும் கொடுப்பவர், தம் படகைக் கடனிலிருந்தும், தம்மை நம்பி ஏறிய தோழர்களைக் கடலின் நடுவே தவிப்பதிலிருந்தும் காப்பவராவர்.